நெஞ்செரிச்சல்: ஒரு வால்வு சொல்லும் பாடம்



‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது பழமொழி. அந்தப் பட்டியலில் நெஞ்செரிச்சலையும் சேர்த்திருக்கலாம். பதினாறாவது வயதில் எனக்கு வந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் என்னோடு குடியிருந்த நோய் அது. ‘மலரில் எல்லோரும் கவிதை எழுதுகிறார்கள், இவன் வயிற்றைப் பற்றி எழுதுகிறானே’ என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

எப்படி ஆரம்பித்தது?

எங்கள் வீடு ஏனாத்தூரில். அப்பா பட்டு நெசவாளர். கூடத்தின் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருக்கும். அப்பா தறியை விட்டு எழுந்திருக்க இரவு பத்தரை ஆகும். அதன்பிறகுதான் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. சாப்பிட்ட கை காய்வதற்குள் தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துவிடுவோம். காலையில் நான் பாலிடெக்னிக்குக்குப் புறப்பட வேண்டும், அப்பா மறுபடி தறியில் இறங்க வேண்டும். இதில் என்ன தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

முதலாம் ஆண்டு பாதியில் ஒருநாள், நள்ளிரவு இரண்டு மணி இருக்கும். நெஞ்சுக்குழியில் தணல் வைத்தாற்போல் எரிச்சல். தொண்டை வரை புளித்த நீர் ஏறி, இருமி இருமி எழுந்து உட்கார்ந்தேன். பெரியப்பா ஒருவர் நெஞ்சுவலியில் இறந்த வீடு எங்களுடையது. ‘நமக்கும் அதுதான்’ என்று நினைத்துக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் விடியும்வரை சுவரில் சாய்ந்திருந்தேன்.

பிறகு அது வாரத்தில் நான்கைந்து நாள் வர ஆரம்பித்தது. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். டீக்கடைக்காரர், “கேஸ் தம்பி, ஒரு கோலி சோடா குடி, ஏப்பம் வந்தா போயிடும்” என்றார். நண்பன், “டேய் மச்சான், இது அல்சர்டா. எங்க மாமாவுக்கும் இப்படித்தான்” என்றான். அம்மாவின் காதில் ‘அல்சர்’ விழுந்ததோ இல்லையோ, மிளகாய் வீட்டை விட்டு வெளியேறியது. காரக்குழம்பு, ஊறுகாய், வத்தல் எல்லாம் நின்றுபோயின. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்துவிட்டு வரும் அப்பா, ஒரு வார்த்தை பேசாமல் பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

எங்கள் ஆயா மட்டும், “அல்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைக்கு எதுக்களிக்குது. தின்ன உடனே படுக்காதடா” என்றார். படிக்காத கிழவி சொன்னதை யார் கேட்டோம்?

வொர்க்‌ஷாப்பில்தான் அதிகம் அவதிப்பட்டேன். காலைச் சாப்பாடு முடிந்த கையோடு பெஞ்ச் வைஸ் முன் குனிந்து அரம் போடும்போது புளித்த நீர் வாய்க்கு வந்துவிடும். வெளியே ஓடுவேன். ‘ஓபி அடிக்கிறான்’ என்ற பெயர் வந்தது. ‘நெஞ்சு எரியுது சார்’ என்று சொல்ல வெட்கம். வருகைப்பதிவு குறைந்தது. ஒரு செய்முறைத் தேர்வை விட்டேன், அரியர் விழுந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டு ஓராண்டை ஓட்டினேன். இரண்டாம் ஆண்டில், சோற்று உருண்டை நெஞ்சில் சிக்கி நிற்பதுபோல் ஆனபிறகுதான் பயம் வந்து அம்மாவிடம் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் ‘அல்சர்’ ஏன்?

நம் மக்கள் வாயில் ‘அல்சர்’ என்ற சொல் ஊறிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. குடற்புண் நம் பகுதியை உண்மையிலேயே வாட்டிய நோய். 1922-ல் எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் பங்கேற்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், அதன்பிறகு தென்னிந்தியாவைப் பார்க்க வந்தார். அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். அவர் அங்கே அதிகம் செய்த அறுவைகளில் குடற்புண் அறுவை முக்கியமானது. வயிற்றைக் கிழித்துத்தான் அல்சரைத் தீர்க்க முடியும் என்றிருந்த காலம் அது.

குடற்புண்ணுக்குக் காரம், கவலை, பட்டினி ஆகியவையே காரணம் என்று உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இரு மருத்துவர்கள் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் கிருமியைச் சுட்டிக்காட்டினார்கள். யாரும் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை நிரூபித்தார். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியால் வரும் புண்ணை இரண்டு வாரங்கள் வரை தரும் மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணப்படுத்திவிடுகிறார்கள்.

ஆனால் என் நோய் இது அல்ல. அல்சர் என்பது இரைப்பையின் அல்லது முன்சிறுகுடலின் சுவரில் விழும் புண். எனக்கு இருந்தது, இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறுகிற கோளாறு. இரண்டையும் ஒன்றாக்குவது, பம்பு கெட்டதற்கும் பைப் கசிவதற்கும் ஒரே ரிப்பேர் செய்வது போன்றது.

வயிறு என்னும் ஆசிட் டேங்க்

நம் இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் அதே சரக்குதான். இதை 1823-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ப்ரௌட் கண்டறிந்தார். வெறும் வயிற்றில் இதன் பி.எச். அளவு 2-க்குப் பக்கத்தில் இருக்கும். பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் பி.எச். 7 உள்ள தண்ணீரைவிட இது ஒரு லட்சம் மடங்கு!

இந்த அமிலம் நமக்கு எதிரி அல்ல. புரதத்தைச் செரிக்கவும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் அது வேண்டும். இரைப்பையின் உட்சுவரில் கோழையும் பைகார்பனேட்டும் சேர்ந்த ‘லைனிங்’ இருப்பதால் அமிலம் அதைத் தாக்குவதில்லை. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட கவசம் கிடையாது. ஆக, குற்றம் அமிலத்தின் மேல் இல்லை. அது இருக்கக் கூடாத இடத்துக்குப் போவதில்தான் இருக்கிறது.

வால்வின் கதை

மெக்கானிக்கல் மாணவர்களே, பம்பு செட்டில் ‘நான்-ரிட்டர்ன் வால்வு’ படித்திருப்பீர்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலும் அப்படி ஒன்று உண்டு. மூன்று, நான்கு செ.மீ. நீளத்துக்கு வளையமாக இறுகி நிற்கும் தசை அது. ஓய்வில் அது தரும் அழுத்தம் பொதுவாக 10 முதல் 30 மி.மீ. பாதரசம். 15 என்று வைத்துக்கொண்டு 13.6-ஆல் பெருக்கினால் 204 மி.மீ., அதாவது 20 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம். உதரவிதானம் என்னும் தசைத்தட்டு வெளியிலிருந்து அதற்குத் துணை நிற்கிறது.

வயிற்றுக்குள் அழுத்தம் அதிகம்; மார்புக்குள் குறைவு. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் திரவம் பாயும். எனவே வால்வு திறந்தால் அமிலம் மேலே போகத்தான் செய்யும். நிற்கும்போது புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. படுத்துவிட்டால் அந்த உதவியும் போயிற்று. மேலும், விழித்திருக்கும்போது உமிழ்நீரை விழுங்கி விழுங்கி அமிலத்தைக் கழுவிவிடுகிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைகின்றன. பகலில் சில நிமிடம் எரிவது இரவில் நெடுநேரம் எரிவது இதனால்தான்.

இந்த வால்வு எப்போதும் பலவீனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல வால்வுகூட, வயிறு உப்பினால் காற்றை ஏப்பமாக விடுவதற்காகத் தானே சற்று நேரம் திறக்கும். சேஃப்டி வால்வு போல! வயிறு முட்டச் சாப்பிட்டால், சோடா குடித்தால், இது அடிக்கடி திறக்கும். காற்றோடு அமிலமும் வரும். எண்ணெய்ப் பண்டங்கள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். புகையிலையும் மதுவும் வால்வைத் தளர்த்தும். புதினா மிட்டாய்கூடச் சிலருக்கு அப்படித்தான். இறுக்கமான பெல்ட்டும், சாப்பிட்டவுடன் குனிவதும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். கோலி சோடா ஏன் என்னைக் கைவிட்டது, வைஸ் முன் குனிந்தால் ஏன் எதுக்களித்தது என்பதெல்லாம் இதில் அடக்கம்.

உள்ளே போன விளக்கு

விழுங்கச் சிரமம் என்று சொன்னதால், அரசு மருத்துவமனை ஒன்றில் எனக்கு எண்டோஸ்கோப்பி செய்தார்கள். தொண்டை மரக்க மருந்தடித்து, மெல்லிய குழாயை வாய்வழி உள்ளே விடுவார்கள். சில நிமிட வேலை. குமட்டும், வலி பெரிதாக இல்லை. இந்தக் கருவிக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954-ல் லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக்கற்றை வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். அந்த நுட்பத்தைக் கொண்டு 1957-ல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கினார். இன்று இழைக்கற்றைக்குப் பதில் நுனியிலேயே சிறு கேமரா வந்துவிட்டது.

மருத்துவர் அம்மா படத்தைக் காட்டினார். உணவுக்குழாயின் அடியில் சிவந்த கீறல்கள். இரைப்பையில் புண் எதுவும் இல்லை. “தம்பி, இது அல்சர் இல்ல. ஆசிட் மேலே வந்து வந்து புண்ணாக்கியிருக்கு. எதுக்களிப்புன்னு ஊர்ல சொல்வாங்களே, அதுதான்” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஆயா ஒன்றரை வருஷத்துக்கு முன்பே சொன்ன சொல்!

மாத்திரை: எது, எப்போது, எதுவரை?

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் மூன்று வகை. முதலாவது, சுரந்த அமிலத்தைச் சமன்படுத்தும் ஆன்டாசிட். உடனே ஆறுதல் தரும், விரைவில் தீர்ந்துவிடும். இரண்டாவது, ‘சுரக்கச் சொல்லும்’ செய்தியைத் தடுப்பது. ஜேம்ஸ் பிளாக் என்னும் விஞ்ஞானி வழிகாட்டி, 1976-ல் இங்கிலாந்தில் ‘சிமெடிடின்’ விற்பனைக்கு வந்தது. 1988-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதே வகையைச் சேர்ந்த ரானிடிடினை 2020-ல் அமெரிக்கா சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் ஒரு வேதிப்பொருள் அதில் உண்டாவது தெரியவந்ததே அமெரிக்காவில் அது விலக்கப்பட்டதற்குக் காரணம். மூன்றாவது, அமிலம் சுரக்கும் பம்பையே அடைப்பது. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் இந்த வகை.

எனக்குத் தந்தது மூன்றாவது வகை. ஓராண்டாக நானும் அதைத்தான் வாங்கி விழுங்கியிருந்தேன்! ஆனால் எரிந்தபோது மட்டும், அதுவும் இரவில் சாப்பிட்ட பிறகு. மருத்துவர் விளக்கினார்: உணவு வரும்போதுதான் அந்தப் பம்புகள் வேலை செய்யத் தொடங்கும். அப்போது மருந்து இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். எனவே காலையில் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, தினமும், எட்டு வாரம். அதன்பிறகு அவர் சொல்லும்படி குறைக்க வேண்டும். நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து, ‘மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது’ என்று நம்மை நம்பவைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை நம் வயதுக்காரர்களுக்கு: முகப்பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். உடல்வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்கக் கூடியவை.

நோட்டுப்புத்தகம் தந்த தீர்ப்பு

“எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்தாதே. ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகும். ஒரு நோட்டு போட்டு எழுது” என்றார் மருத்துவர். லேப் ரெக்கார்டு எழுதிப் பழகிய கைதானே! நாள், சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, படுத்த நேரம், எரிச்சல் உண்டா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினேன். மூன்று வாரத்தில் உண்மை விளங்கியது. சாப்பிட்ட அரை மணிக்குள் படுத்த இரவுகளில் மறுநாள் கட்டத்தில் ‘உண்டு’. சோடா குடித்த நாளில் ‘உண்டு’. மாலை பஜ்ஜி தின்ற நாளில் பெரும்பாலும் ‘உண்டு’. அத்தை வீட்டில் மதியம் காரக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட இரண்டு நாளும் ‘இல்லை’!

அதன்பின் நான் மாற்றிக்கொண்டவை இவை:

1. இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்கு முடித்தேன். படுப்பதற்கு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். முதலில் எனக்கு மட்டும் தனியாகப் போட்டார்கள். பிறகு அப்பாவும் ஏழரைக்குத் தறியை நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு மீண்டும் உட்காரத் தொடங்கினார்.

2. ஒரே மூச்சில் வயிறு நிறைய உண்பதை விட்டு, அளவைக் குறைத்து, மென்று தின்றேன். ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது சும்மா சொன்னதல்ல. மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும், உமிழ்நீர் அமிலத்தை அடக்கும்.

3. ஆயாவின் மரக்கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். தலைமாட்டுக் கால்களின் கீழ் இரண்டிரண்டு செங்கல். சுமார் ஆறு அங்குல உயரம். தலையணையை அடுக்கினால் போதாதா என்று கேட்காதீர்கள். அது கழுத்தையும் வயிற்றையும் மடக்கி அழுத்தத்தைக் கூட்டும். படுக்கையே சாய வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லது. அப்போது அமிலம் தேங்கும் இடம் வால்வுக்குக் கீழே அமைகிறது.

4. சோடா, கூல்டிரிங்க்ஸ், வெறும்வயிற்று டீ மூன்றையும் விட்டேன். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினேன்.

5. வொர்க்‌ஷாப் உள்ள நாளில் காலைச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்தேன். ஆசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி உண்மையைச் சொன்னேன். “இதை முதல்லயே சொல்றதுக்கென்னப்பா?” என்றார். ஓராண்டு வெட்கம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

உடல் எடை அதிகமுள்ள நண்பர்கள் எடையைக் குறைத்தாலே பாதி குணம் தெரியும். தேர்வு பயம் வால்வை உடைக்காது. ஆனால் இருக்கிற எரிச்சலை இரட்டிப்பாக உணரவைக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

விழுங்கும்போது சிக்கினாலோ வலித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, விரைவாக மருத்துவரிடம் போங்கள். வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற நிறமோ வந்தால், மலம் தார்போல் கறுத்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், ‘இது கேஸ்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், 108-ஐ அழையுங்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எரிச்சல் வருகிறதென்றால், அது மருந்துக்கடை வாசலில் தீர்க்கும் விஷயமல்ல.

முடிவாக...

நண்பர்களே, ஒரு இயந்திரம் ஓடவில்லை என்றால் முதலில் கோளாறு எங்கே என்று பார். பார்க்காமல் பாகத்தை மாற்றாதே என்றுதான் நமக்குக் கற்றுத் தருகிறார்கள். என் உடம்பு விஷயத்தில் நான் அதைச் செய்யவில்லை. பெயர் தெரியாத நோய்க்கு ஓராண்டு மருந்து தின்றேன். பயத்தையும் வெட்கத்தையும் சேர்த்து விழுங்கினேன். முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்னும் கருத்தை ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்பில் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நான்!

இப்போது மாத்திரை இல்லை. எப்போதாவது கல்யாண வீட்டில் அளவு மீறினால் அன்று ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். விட்ட செய்முறைத் தேர்வை எழுதித் தேறிவிட்டேன்.

நோட்டுப்புத்தகத்தைக் காட்டி, “அம்மா, மிளகாய் மேல தப்பு இல்ல” என்று சொன்ன மறுநாள், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு கொதித்தது. அப்பா அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். “இத்தனை நாளா ஏன்பா சொல்லல?” என்றேன். “நீ சாப்பிடாதத நான் எப்படிடா சாப்பிடறது?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மணி அப்போது ஏழே முக்கால்.